திருவாதிரையின் ஒளியும் மதராஸ் வானாய்வகமும்: விண்மீன் ஒளி அளவீட்டின் வரலாறு

2019-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், திருவாதிரை விண்மீன் வழக்கத்தைவிட மங்கிவிட்டது என்று வானியலாளர்கள் அறிவித்தனர். அடுத்த இரண்டு மாதங்களில் அது மேலும் மங்கியது. வேட்டைக்காரன் எனப்படும் ஓரியன் விண்மீன் குழுவில் செந்நிறத்தில் பளிச்சிடும் விண்மீன் அது. ஆங்கிலத்தில் பீட்டல்ஜூஸ் என்பர். உலகெங்கும் மக்கள் அண்ணாந்து பார்த்தார்கள். ஆனால் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்த ஒருவருக்கு அது மங்கியிருப்பது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. "முன்பு எவ்வளவு ஒளி இருந்தது?" என்ற கேள்விக்கு விடை இருந்தால்தான் "இப்போது குறைந்துள்ளது" என்று சொல்ல முடியும்.

ஒளி மாறுகிற விண்மீனுக்கு மாறொளிர் விண்மீன் என்று பெயர். ஒரு விண்மீன் மாறுகிறதா என்பதை ஓர் இரவில் பார்த்து முடிவு செய்ய இயலாது. பல இரவுகளில், ஒரே முறையில் அளந்து, நாளும் நேரமும் குறித்து வைத்த ஏடு வேண்டும். இந்த எளிய உண்மையை உலகம் கற்றுக்கொண்ட வரலாற்றில் சென்னைக்கு ஒரு முக்கிய இடம் உண்டு. இன்றும் உலகம் முழுவதும் பயன்படும் ஒளி அளவுகோலை வகுத்தவர் 30 ஆண்டுகள் சென்னையில் பணியாற்றினார். அவருடைய உதவியாளராக இருந்த தமிழ்நாட்டு வானியலாளர் ஒருவர் தென்வானில் ஒரு மாறொளிர் விண்மீனைக் கண்டுபிடித்தார்.

மாறாத வானம் என்ற நம்பிக்கை

விண்மீன்களை ஒளிக்கேற்ப ஆறு வகுப்புகளாகப் பிரிக்கும் வழக்கம் பழங்காலக் கிரேக்கர்களிடமிருந்து வந்தது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் தாலமி எழுதிய நூலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்கள் இவ்வாறு பட்டியலிடப்பட்டுள்ளன. மிகப் பிரகாசமானவை முதல் வகுப்பு. கண்ணுக்கு அரிதாகத் தெரிபவை ஆறாம் வகுப்பு. எண் கூடக்கூட ஒளி குறையும் என்ற இன்றைய வழக்கம் இதிலிருந்து தோன்றியதே.

இந்தியச் சித்தாந்த நூல்கள் அசுவினி முதலான நாள்மீன்களின் இருப்பிடங்களைப் பாகைக் கணக்கில் தருகின்றன. நிலவும் கோள்களும் எங்கே உள்ளன என்று கணிப்பதே அவற்றின் தேவை. கும்பகோணத்தில் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் மகாமகமும் இத்தகைய இருப்பிடக் கணக்கில் அமைந்ததே. வியாழன் சிம்ம ராசியில் இருக்கும் ஆண்டின் மாசி மாதத்தில், நிலவு மக நட்சத்திரத்தில் நிற்கும் நாளில் அது கொண்டாடப்படுகிறது. இந்தக் கணக்குக்கு மக விண்மீன் எங்கே இருக்கிறது என்பது தெரிந்தால் போதும். அது எவ்வளவு ஒளிர்கிறது என்பது தேவைப்படவில்லை.

விண்மீன்கள் மாறாதவை என்ற எண்ணத்துக்கு ஐரோப்பாவில் 1596-இல் ஒரு அடி விழுந்தது. சீட்டஸ் குழுவில் ஒரு விண்மீன் தோன்றி மறைந்ததை டேவிட் பாப்ரிசியஸ் கண்டார். பின்னர் அது மீண்டும் தோன்றியது. அதற்கு "வியப்புக்குரியது" என்ற பொருளில் மீரா என்று பெயரிடப்பட்டது. ஏறத்தாழ 11 மாதங்களுக்கு ஒருமுறை அது பொலிந்து மங்குகிறது.

1782-83-இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் ஜான் குட்ரிக் என்ற இளைஞர் அல்கோல் விண்மீனை இரவு தோறும் கவனித்தார். அவருக்குக் காது கேளாது. வயது 18. அல்கோலின் ஒளி 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை குறைவதை அவர் கண்டறிந்தார். ஒரு இருண்ட பொருள் அதனைச் சுற்றிவந்து மறைக்கலாம் என்றும் எழுதினார். இரு விண்மீன்கள் ஒன்றையொன்று மறைப்பதே காரணம் என்று பிற்காலத்தில் உறுதியானது. அவரிடம் இருந்தவை கண்ணும் கடிகாரமும் குறிப்பேடும்தான்.

திருவாதிரை மாறுகிறது

மிகப் பிரகாசமான விண்மீன்களின் மாற்றம் எளிதில் தெரிந்துவிடும் என்று தோன்றும். நடந்தது அதற்கு நேர்மாறு. திருவாதிரை எல்லா நாடுகளிலும் பழங்காலந்தொட்டே அறியப்பட்ட விண்மீன். ஆனால் அதன் ஒளி மாறுகிறது என்பதை நவீன வானியலில் பதிவு செய்தவர் ஜான் ஹெர்ஷல். அவர் 1836-இல் அதைக் கவனித்தார். 1840-இல் வெளியிட்டார்.

அப்போது அவர் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் தங்கித் தென்வானை ஆராய்ந்துகொண்டிருந்தார். கண்ணுக்குத் தெரியும் விண்மீன்களை ஒளி இறங்குவரிசையில் எழுதுவது அவர் கையாண்ட முறைகளுள் ஒன்று. இது அதைவிடப் பிரகாசம், அது மற்றதைவிடப் பிரகாசம் என்று ஒரே இரவில் நீண்ட வரிசை அமைப்பார். வேறோர் இரவில் மீண்டும் அமைப்பார். எல்லா விண்மீன்களும் தம் இடத்திலேயே இருக்க, ஒன்று மட்டும் வரிசையில் மேலும் கீழும் நகர்ந்தால் அதுவே மாறும் விண்மீன். திருவாதிரை அப்படி நகர்ந்தது.

இங்கே ஒரு செய்தி அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. 1603-இல் வான்படத் தொகுப்பை வெளியிட்ட யோஹான் பேயர், ஓரியன் குழுவில் திருவாதிரைக்கு ஆல்பா என்றும் ரைகல் விண்மீனுக்குப் பீட்டா என்றும் எழுத்திட்டார். இன்று பெரும்பாலும் ரைகலே பிரகாசமானது. ஆகவே 1603-இல் திருவாதிரை அதிகம் ஒளிர்ந்தது என்று சிலர் முடிவு கட்டுகின்றனர். ஆனால் பேயர் ஒவ்வொரு வகுப்புக்குள்ளும் கண்டிப்பான ஒளி வரிசையைப் பின்பற்றவில்லை. எனவே அந்த எழுத்து சான்றாகாது. எந்த முறையில் எழுதப்பட்டது என்று தெரியாத பதிவை அளவீடாகக் கொள்ளக்கூடாது.

ஹெர்ஷலுக்குப் பின் ஜெர்மனியின் ஆர்கெலாண்டர் இந்த ஒப்பீட்டு முறையைச் செம்மைப்படுத்தினார். ஐயத்துக்குரிய விண்மீனை அதைவிடச் சற்றுப் பிரகாசமான ஒன்றோடும் சற்று மங்கலான ஒன்றோடும் ஒப்பிட்டு, இடைவெளியைப் படிகளாகக் குறிப்பதே அவருடைய முறை. இதற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டாம் என்பதால் 1844-இல் வானியல் ஆர்வலர்களுக்கு அவர் வேண்டுகோள் விடுத்தார். வானாய்வகங்களுக்கு வெளியே இருப்பவர்களும் வானியலுக்குத் தொண்டாற்ற வழி பிறந்தது.

போக்சன் வகுத்த அளவுகோல்

ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு முறை கிடைத்தது. ஆனால் முதல் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் இடையே ஒளி எத்தனை மடங்கு வேறுபடும்? ஒவ்வொரு வானியலாளரும் ஒவ்வொரு விதமாகக் கொண்டனர். ஒருவரது எண்ணை மற்றவரது எண்ணோடு சேர்த்துப் பார்க்க இயலாத நிலை இருந்தது.

1856-இல் இதற்குத் தீர்வு சொன்னவர் நார்மன் ராபர்ட் போக்சன். 1829-இல் நாட்டிங்காமில் பிறந்த அவர், அப்போது ஆக்ஸ்போர்டின் ராட்கிளிப் வானாய்வகத்தில் உதவியாளர். முதல் தர விண்மீன் ஆறாம் தர விண்மீனைப்போல் ஏறத்தாழ 100 மடங்கு ஒளிர்கிறது என்பது அளவீடுகளிலிருந்து தெரிந்திருந்தது. இடையில் 5 படிகள். ஒவ்வொரு படிக்கும் சமமான மடங்கு வேண்டுமானால் அது 100-இன் ஐந்தாம் மூலம், அதாவது 2.512. இதன் மடக்கை சரியாக 0.4 என்பதால் கணக்கிடுவதும் எளிது. மேக்னிட்யூட் எனப்படும் ஒளித்தரத்துக்கு இன்றும் இதுவே அடிப்படை. போக்சன் விகிதம் என்ற பெயரும் நிலைத்துவிட்டது.

இந்த அளவுகோலில் சிரியஸ் −1.5, ரைகல் 0.1, மகம் 1.4 என்று அமைகின்றன. 0.5 ஒளித்தரம் கொண்ட விண்மீன் 1.6-க்கு இறங்கினால் வேறுபாடு 1.1. 1.1-ஐ 0.4-ஆல் பெருக்க 0.44. அதன் எதிர்மடக்கை ஏறத்தாழ 2.75. அதாவது நமக்கு வரும் ஒளி மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகச் சுருங்கிவிட்டது என்று பொருள்.

நுங்கம்பாக்கத்தில் போக்சன்

மதராஸ் வானாய்வகம் 1786-இல் வில்லியம் பெட்ரி எழும்பூரில் வைத்திருந்த சொந்தக் கூடத்திலிருந்து வளர்ந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி அதை ஏற்றுக்கொண்டபின், 1792-இல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழுந்தது. கருவியைத் தாங்கிய கருங்கல் தூணில் தமிழ், தெலுங்கு உள்ளிட்ட மொழிகளில் கல்வெட்டுப் பொறிக்கப்பட்டது. அத்தூண் இன்றும் நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. 1844-இல் டி. ஜி. டெய்லர் இங்கிருந்து 11,015 விண்மீன்களின் இருப்பிடப் பட்டியலை வெளியிட்டார். அது ஐரோப்பிய வானியலாளர்களின் பாராட்டைப் பெற்றது.

போக்சன் 1861-இன் தொடக்கத்தில் அரசு வானியலாளராகச் சென்னைக்கு வந்தார். அவ்வாண்டு ஏப்ரலில் அவர் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு ஆசியா என்றே பெயர் வைக்கப்பட்டது. மாறொளிர் விண்மீன்களை அளப்பதையும் அவர் தொடர்ந்தார். அவருடைய மகள் ஐசிஸ் போக்சனும் 1873 முதல் அங்கே கணக்கீட்டுப் பணி செய்தார். 1886-இல் லண்டன் அரச வானியல் கழகத்துக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டும், பெண் என்ற காரணத்தால் ஏற்கப்படவில்லை. 1920-இல்தான் அவர் உறுப்பினரானார்.

சென்னையின் இருப்பிடம் இந்தப் பணிக்கு வாய்ப்பானது. 13 பாகை வட அகலாங்கில் உள்ள ஊரிலிருந்து, இங்கிலாந்தில் ஒருபோதும் உதிக்காத தென்வான விண்மீன்கள் பல தெரியும். அங்கே இன்னும் பட்டியலில் ஏறாத மாறொளிர் விண்மீன்கள் காத்திருந்தன.

சிந்தாமணி ரகுநாதாச்சாரி

அத்தகைய ஒன்றைக் கண்டுபிடித்தவர் வானாய்வகத்தின் உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கும் மரபில் வந்தவர். இளம் வயதிலேயே வானாய்வகத்தில் சேர்ந்து, முதல் உதவியாளர் பொறுப்புக்கு உயர்ந்தவர். மெரிடியன் வட்டம் என்ற கருவியில் விண்மீன்களின் இருப்பிடத்தை அளப்பது அவருடைய முதன்மைப் பணி. நேர் தெற்கு வடக்காக அமைந்த அந்தத் தொலைநோக்கியில் ஒரு விண்மீன் உச்சிக்கோட்டைக் கடக்கும் நொடியைக் குறிக்க வேண்டும். நேரம், உயரம் ஆகியவற்றோடு ஒளித்தரத்தையும் எழுதுவது வழக்கம். இரவு தோறும் இந்த வேலையைச் செய்பவரே விண்மீன்களின் ஒளியை நன்கு அறிந்தவராகிறார்.

1867-இல் ரெட்டிகுலம் என்ற தென்வானக் குழுவில் ஒரு விண்மீன் மாறுவதை ரகுநாதாச்சாரி கண்டறிந்தார். போக்சன் அதை அவர் பெயரிலேயே லண்டனுக்கு அறிவித்தார். ஒரு விண்மீன் குழுவில் முதலில் பெயர் பெறும் மாறொளிர் விண்மீனுக்கு ஆர் என்ற எழுத்தைத் தருவது ஆர்கெலாண்டர் வகுத்த முறை. அதன்படி இது ஆர் ரெட்டிகுலி ஆயிற்று. நவீன காலத்தில் மாறொளிர் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்த முதல் இந்தியராக ரகுநாதாச்சாரி கருதப்படுகிறார்.

இந்தக் கண்டுபிடிப்பின் அருமையை உணர அந்த விண்மீனின் நிலையைப் பார்க்க வேண்டும். அது வான நடுவரைக்கு 63 பாகை தெற்கே உள்ளது. சென்னையில் அது மிக உயரமாக வரும்போதும் தென் அடிவானத்துக்கு மேல் 14 பாகைதான் இருக்கும். அந்த உயரத்தில் அதன் ஒளி, தலைக்கு மேலுள்ள விண்மீனின் ஒளியைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. காற்றிலுள்ள தூசும் ஈரமும் அதை மங்கச் செய்யும். மங்கியது விண்மீனா, இடையிலுள்ள காற்றா என்று பிரித்தறியப் பக்கத்திலுள்ள விண்மீன்களோடு ஒப்பிடுவதைத் தவிர வழியில்லை.

ஆர் ரெட்டிகுலி மீரா வகையைச் சேர்ந்தது. ஏறத்தாழ 280 நாட்களுக்கு ஒருமுறை பொலிந்து மங்கும். மிகப் பிரகாசமாக இருக்கும்போது சுமார் 6.5 தரம். கண்ணுக்கு எட்டும் எல்லையை ஒட்டியது. மிக மங்கும்போது சுமார் 14. வேறுபாடு 7.5 தரங்கள். போக்சன் கணக்கில் 7.5-ஐ 0.4-ஆல் பெருக்கினால் 3. அதாவது 1,000 மடங்கு.

ரகுநாதாச்சாரி 1872-இல் அரச வானியல் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1874-இல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்து செல்லவிருந்த நிகழ்வை விளக்கி ஒரு சிறு நூல் எழுதினார். ஆங்கிலத்திலும் இந்திய மொழிகளிலும் அது வெளிவந்தது. கணக்கில் வரும் நேரமும் கண்ணால் காணும் நேரமும் ஒத்துப்போக வேண்டும் என்று அவர் வாதிட்டார். திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்காக உழைத்தவர்களில் அவர் முக்கியமானவர். பழைய வாய்பாடு சொல்வதை வானத்தைப் பார்த்துச் சோதிக்க வேண்டும் என்ற அந்த நிலைப்பாடும், ரெட்டிகுலத்து விண்மீனைச் சோதித்த மனப்பாங்கும் ஒன்றே. 1880 பிப்ரவரி 5 அன்று அவர் மறைந்தார்.

பூட்டிக்கிடந்த ஏடுகள்

போக்சன் 1891-இல் சென்னையிலேயே இறந்தார். 30 ஆண்டுகளில் எடுத்த அளவீடுகளில் பெரும்பகுதி அப்போது அச்சாகவில்லை. மெரிடியன் வட்டத்தில் அவரும் உதவியாளர்களும் அளந்தவற்றை அடுத்து வந்த மிச்சி ஸ்மித் ஒழுங்குபடுத்தி வெளியிட்டார். மாறொளிர் விண்மீன்கள் 31 பற்றிய போக்சனின் குறிப்புகள் அச்சில் வந்தது 1908-இல். அவர் இறந்து 17 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அளப்பது ஒரு பணி. அதை வெளியிடுவது மற்றொரு பணி. இரண்டாவது தாமதமானபோது, உலகின் பிற வானாய்வகங்கள் அந்த எண்களைப் பயன்படுத்தும் வாய்ப்பை இழந்தன. ஆனால் ஏடுகள் அழியாமல் இருந்ததால் அந்த இரவுகள் முற்றிலும் வீணாகவில்லை. 1867-இன் ஒரு குறிப்பிட்ட இரவில் ஒரு விண்மீன் எப்படி இருந்தது என்பதை எந்தப் புதிய கருவியாலும் திரும்பிச் சென்று அளக்க இயலாது. பழைய பதிவு ஒன்றே சான்று.

ஜெசோரிலிருந்து காவலூருக்கு

வானாய்வகத்தில் வேலை பெறாமலே இத்துறையில் பெயர் பெற்றவர் வங்காளத்தின் ராதா கோபிந்த சந்திரா. 1878-இல் பிறந்த அவர் ஜெசோரில் அரசுக் கருவூலத்தில் பணியாற்றினார். பள்ளி இறுதித் தேர்வில் தேறாதவர். 1912-இல் 3 அங்குலத் தொலைநோக்கி ஒன்றை வாங்கினார். 1918-இல் அக்கிலா குழுவில் திடீரெனத் தோன்றிய புது விண்மீனைத் தாமாகவே கண்டார். அதன்பின் அமெரிக்க மாறொளிர் விண்மீன் நோக்கர் சங்கத்துக்குத் தம் அளவீடுகளை அனுப்பத் தொடங்கினார். அவருடைய உழைப்பை மதித்து அச்சங்கம் 1926-இல் 6 அங்குலத் தொலைநோக்கி ஒன்றை அனுப்பிவைத்தது. பணி நிறுத்தும் வரை அவர் செய்த கணிப்புகள் 37,000-க்கும் அதிகம். எல்லாம் கண்ணால் ஒப்பிட்டவை.

அவர் திருப்பிக் கொடுத்த அந்தத் தொலைநோக்கி நைனிதாலில் இருந்த வைணு பாப்புவிடம் வந்தது. பின்னர் தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையிலுள்ள காவலூருக்குச் சென்றது. சென்னையில் பிறந்த பாப்பு மாணவப் பருவத்திலேயே மாறொளிர் விண்மீன்களை ஆராய்ந்தவர். 1960-இல் கொடைக்கானல் வானாய்வகப் பொறுப்பேற்றபின் காவலூரில் புதிய நோக்ககத்தை உருவாக்கினார். 1968-இல் அங்கே 38 செ.மீ. தொலைநோக்கியுடன் பணி தொடங்கியது. 1972-இல் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது.

அதற்குள் அளக்கும் முறையே மாறிவிட்டது. விண்மீனின் ஒளியை மின்னோட்டமாக மாற்றும் ஒளிமின் கருவிகள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து வளர்ந்தன. பயிற்சி பெற்ற கண் ஏறத்தாழ 0.1 தரம் வரை பிரித்தறியும். ஒளிமின் கருவி அதில் பத்தில் ஒரு பங்கையும் காட்டும். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனுக்கு முன் கடந்து சென்றபோது காவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கி அந்த விண்மீனின் ஒளியைத் தொடர்ந்து பதிவு செய்தது. கோள் மறைக்கும் முன்பே ஒளி சட்டென்று குறைந்து மீண்டது. வேறு இடங்களிலும் இவ்வாறே பதிவானது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்பது இப்படித்தான் தெரியவந்தது.

பிரகாசமான விண்மீனை அளப்பதில் உள்ள சிக்கல்

மங்கலான விண்மீனை அளப்பது கடினம் என்பது எல்லோருக்கும் புரியும். பிரகாசமானதை அளப்பதும் கடினமே. முதல் காரணம், பெரிய தொலைநோக்கியும் மின்னணுப் படக்கருவியும் அதன் ஒளியைத் தாங்கா. நெல் அளக்கும் மரக்கால் நிறைந்தபின் மேலும் கொட்டினால் வழிந்தோடுவது போல, உணரி நிரம்பிவிடும். நிரம்பியபின் கிடைக்கும் எண்ணுக்குப் பொருளில்லை. ஆகவே மிகச் சிறிய தொலைநோக்கி, ஒளி குறைக்கும் கண்ணாடி, மிகக் குறுகிய நேரப் படங்கள் ஆகியவற்றை நாடுகின்றனர்.

இரண்டாவது காரணம், ஒப்பிட அருகில் இணையான விண்மீன் இல்லாமை. மங்கலான விண்மீனைச் சுற்றி நூற்றுக்கணக்கான மங்கலான விண்மீன்கள் ஒரே படத்தில் விழும். திருவாதிரைக்கு இணையானவை வானில் 20, 30 பாகை தள்ளியே உள்ளன. இரண்டும் வெவ்வேறு உயரத்தில் நின்றால் காற்றின் பாதிப்பும் வேறுபடும். மூன்றாவது, நிறம். திருவாதிரை சிவப்பு. ரைகல் நீல வெண்மை. சிவப்பு விண்மீனை உற்று நோக்கிக்கொண்டே இருந்தால் அது மேலும் மேலும் பிரகாசமாகத் தோன்றும் இயல்பு கண்ணுக்கு உண்டு. சட்டென்று பார்த்துக் கண்ணை எடுத்துவிட வேண்டும்.

2019-20 நிகழ்வு

இத்தனை சிக்கல்களுக்கு நடுவிலும் அமெரிக்காவில் எட்வர்ட் கினன், ரிச்சர்ட் வாசடோனிக் ஆகியோர் திருவாதிரையைப் பல ஆண்டுகளாக ஒளிமின் கருவியால் அளந்து வந்தனர். அதனால்தான் 2019 டிசம்பரில், தங்கள் 25 ஆண்டுப் பதிவில் இதுவே மிகக் குறைந்த ஒளி என்று அவர்களால் துணிந்து அறிவிக்க முடிந்தது. வழக்கமாக 0.5 அளவில் இருக்கும் திருவாதிரை 2020 பிப்ரவரியில் ஏறத்தாழ 1.6-க்கு இறங்கியது. மேலே கணக்கிட்ட அதே எண்கள்தாம் இவை. பின்னர் அது வழக்கமான ஒளிக்குத் திரும்பியது.

விண்மீன் வெடிக்கப் போகிறது என்ற பேச்சு பரவியது. ஆனால் திருவாதிரை ஏறத்தாழ 400 நாள் சுழற்சியிலும், ஆறு ஆண்டுகளை ஒட்டிய நீண்ட சுழற்சியிலும் மாறுவது முன்பே தெரிந்த செய்தி. இம்முறை அவற்றை மீறிய மங்கல் எதனால்? ஐரோப்பியத் தென்வான் நோக்ககத்தின் படங்கள் விண்மீனின் தென்பகுதி மட்டும் இருண்டிருப்பதைக் காட்டின. விண்மீன் வெளியே தள்ளிய வாயு குளிர்ந்து தூசாகி நம் பார்வையை மறைத்தது என்ற விளக்கம் 2021-இல் வெளியானது. மேற்பரப்பின் ஒரு பகுதி குளிர்ந்ததும் இதில் பங்கு பெற்றது.

கும்பகோணத்திலிருந்து அளக்கும் முறை

கும்பகோணம் 11 பாகை வட அகலாங்கில் உள்ளது. திருவாதிரை வான நடுவரைக்கு 7 பாகை வடக்கே இருப்பதால் காவிரிப் படுகையில் அது ஏறத்தாழ உச்சந்தலைக்கு மேலே கடந்து செல்லும். காற்றின் பாதிப்பு மிகக் குறைவான இடம் அதுவே. இங்கிலாந்தில் ஹெர்ஷலுக்கும் ஆக்ஸ்போர்டில் போக்சனுக்கும் கிடைக்காத வசதி இது.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, சம்பா அறுவடை நடக்கும் தை மாதம் இதற்கு ஏற்ற காலம். தை முதல் வாரத்தில் இரவு 10 மணியளவில் திருவாதிரை உச்சிக்கு வரும். கிழக்கே புரோசியான் விண்மீனும், வடகிழக்கே புனர்பூசத்தின் இரட்டையரில் பிரகாசமான பாலக்ஸும் தெரியும். மூன்றும் போதிய உயரத்தில் இருக்கும். புரோசியானின் ஒளித்தரம் 0.4. பாலக்ஸின் ஒளித்தரம் 1.1. திருவாதிரை புரோசியானைவிட 2 படி மங்கலாகவும், பாலக்ஸைவிட 5 படி பிரகாசமாகவும் தோன்றினால் மொத்த இடைவெளி 7 படி. 0.7 தரத்தை 7-ஆல் வகுக்க ஒரு படிக்கு 0.1. எனவே திருவாதிரை 0.6.

மாணவர்கள் கவனிக்க வேண்டியவை சில. ரோகிணி விண்மீனும் அருகில் இருந்தாலும் அதன் ஒளியும் சிறிதளவு மாறும். ஒப்பீட்டுக்கு நம்பிக்கையானதன்று. தெருவிளக்கு படாத இடத்தில் கண் இருளுக்குப் பழகச் சுமார் 20 நிமிடம் காத்திருக்க வேண்டும். முழுநிலவு அருகில் இருந்தால் அளக்கக்கூடாது. மார்கழித் திருவாதிரைத் திருநாளில் நிலவு இந்த விண்மீனுக்கு அருகில் நிறைந்து நிற்கும். வழிபாட்டுக்கு உகந்த அந்த இரவு அளவீட்டுக்கு உகந்ததன்று. நேற்றைய எண்ணைப் பார்த்துவிட்டு இன்று அளந்தால் கண் அதற்கேற்பச் சாயும் என்பதால், பழைய பக்கத்தைப் புரட்டாமல் எழுதுவது நல்லது. நாள், நேரம், ஒப்பிட்ட விண்மீன்கள், வானத்தின் நிலை ஆகிய நான்கையும் குறிக்க வேண்டும்.

ரகுநாதாச்சாரி கண்ட ஆர் ரெட்டிகுலியைத் தேட விரும்புவோர்க்கும் கும்பகோணம் சென்னையைவிடச் சற்று வசதியானது. இங்கே அது தென் அடிவானத்துக்கு மேல் 16 பாகை வரை உயரும். அது பொலிவடையும் மாதங்களில் நல்ல இருநோக்கி வேண்டும். மற்ற மாதங்களில் பெரிய தொலைநோக்கி வேண்டும்.

திருவாதிரையின் நீண்ட சுழற்சி ஒன்று முடிய ஆறு ஆண்டுகள் ஆகும். ஆறாம் வகுப்பில் குறிப்பேடு தொடங்கும் மாணவர் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் பள்ளியை விட்டுச் செல்லும்போது ஒரே ஒரு சுழற்சிதான் நிறைவடைந்திருக்கும். மாறொளிர் விண்மீன்களின் ஒளிக்கோடுகள் இவ்வாறு ஒருவர் விட்ட இடத்தில் மற்றொருவர் தொடர்ந்தவை. மதராஸ் வானாய்வகத்தின் எண்களும் ஜெசோரின் கருவூலப் பணியாளர் எழுதிய எண்களும் அவற்றில் அடங்கும்.